சந்தனம் பட்ட பிளக்

"உள்ளே யாரும் பாக்க மாட்டாங்களே, அதை ஏம்மா தொடைக்கிற?"

ரோஷினி இப்படிக் கேட்டபோது அவளுக்கு ஆறு வயது. அன்று சனிக்கிழமை, பள்ளி கிடையாது. வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளும் கிடையாது. அதனால் அம்மா புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த கணினி பழுதுபார்க்கும் கடையில், ஒரு முக்காலியில் வண்ணப் பென்சில்களோடு அவளை உட்கார வைத்திருந்தார்கள். அம்மா வசந்தகுமாரி ஒரு கணினியின் பக்கத் தகட்டைக் கழற்றி, சின்னத் தூரிகையால் காற்றாடியின் இறகுகளில் படிந்த தூசியைத் தட்டிக்கொண்டிருந்தாள். பழுது ஏற்கெனவே சரியாகிவிட்டது. தகட்டை மூடிக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது.

"மூச்சு முட்டும்ல அதுக்கு?" என்றாள் அம்மா.

முகப்பில் தன் முறைக்காகக் காத்திருந்த ஒரு வாடிக்கையாளர் அதைக் கேட்டுச் சிரித்தார். பிள்ளைக்கு அந்தப் பதில் போதுமானதாக இருந்தது. அம்மாவுக்குத்தான் போதவில்லை.

பன்னிரண்டு வருடங்கள் ஓடிவிட்டன. ரோஷினி பாலிடெக்னிக்கில் படிக்கிறாள். வசந்தகுமாரிக்குச் சிங்கப்பூரில் தேக்கா பக்கத்தில் ஒரு கட்டடத்தின் முதல் மாடியில், பத்துக்குப் பத்தில் சொந்தக் கடை இருக்கிறது. வாசல் பலகையில் அவள் பெயர்தான் இருக்கிறது. பிடோக்கிலிருந்து காலையில் ரயிலேறி வந்து கதவைத் திறக்கும்போதெல்லாம் அந்தப் பலகையை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துக்கொள்வாள். எந்த இயந்திரம் வந்தாலும், மூடுவதற்கு முன் உள்ளே துடைக்காமல் கொடுப்பதில்லை. வாங்கிப் போகிறவர்களுக்கு அது தெரியாது. அம்மனுக்கு விளக்கேற்றுவதைப் போல அதையும் செய்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பாள்.

இந்த வருடம் விஜயதசமி ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. காளியம்மன் கோயிலில் ஸ்க்ரூடிரைவர் பையை அம்மன் பாதத்தில் வைத்து எடுத்து, அர்ச்சகர் கொடுத்த குங்குமத்தை அதன் மேல் ஒரு பொட்டாக வைத்துக்கொண்டு வெளியே வந்தபோது கைப்பேசி அடித்தது.

"வசந்தா, எங்கம்மா இருக்கே? கொஞ்சம் கடைக்கு வர்றியா? மெஷின்ல வைரஸ் பூந்துடுச்சு. எல்லாம் போச்சு."

மருதப்பன். சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் சந்து ஒன்றில் முப்பது வருடங்களாக அச்சுக்கடை வைத்திருப்பவர். கல்யாணப் பத்திரிகை, கடைகளுக்கு விளம்பரத் தாள், பாஸ்போர்ட் படம், நகல் எடுப்பது எல்லாம் அங்கே நடக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் விண்ணப்பங்களையும் சான்றிதழ்களையும் அச்செடுக்க வந்து வரிசையில் நிற்பார்கள். அவர் இப்படிக் குரல் நடுங்கிப் பேசி அவள் கேட்டதில்லை.

"எதையும் தொடாதீங்கண்ணே. அப்படியே விட்டுட்டுத் தள்ளி நில்லுங்க. அஞ்சு நிமிஷத்துல வர்றேன்."

அவள் போய்ச் சேர்ந்தபோது கடை பாதித் திறப்பில் இருந்தது. கண்ணாடிக் கதவில், தடித்த மையில் கையால் எழுதிய தாள் ஒன்று ஒட்டப்பட்டிருந்தது: 'இனி தொழிலாளர்களின் பென்டிரைவ் இங்கே போடப்படாது.' வரிசையில் வந்தவர்கள் அதைப் படித்துவிட்டு முணுமுணுத்தபடி போய்க்கொண்டிருந்தார்கள். ஒருவன் மட்டும் போகவில்லை. முப்பத்தைந்து வயதிருக்கும். சலவைச் சட்டையும் உறையிட்ட கோப்புமாகத் தூணோரம் நின்றான்.

"அக்கா, நீங்கதான் கம்ப்யூட்டர் பாக்குறவங்களா? என் பேரு ரத்னவேல். கப்பல் பட்டறையில வெல்டிங் வேலை. நேத்து சாயங்காலம் கடைசியா பென்டிரைவ் போட்டது நான்தான். என்னாலதான் வைரஸ் வந்துச்சுன்னு அண்ணன் சொல்றாரு." பென்டிரைவை நீட்டினான். கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டியிருந்தான். "இதை முதல்ல சோதிச்சுப் பாருங்கக்கா. என் ரூம்ல எட்டு பேரு. எல்லாரு சான்றிதழும் இதுலதான் இருக்கு. என்னை நம்பிக் குடுத்திருக்காங்க. இதுல கெட்டது இருந்துச்சுன்னா, அவங்க மூஞ்சியில நான் எப்படி முழிக்கிறது?"

சந்துக்குச் சந்து செய்தி போகிற ஊர் இது. சாயங்காலத்துக்குள் அவன் பெயர் தொழிலாளர் விடுதி வரைக்கும் போய்விடும்.

"இங்கேயே இருங்க. பாத்துட்டுச் சொல்றேன்" என்று அதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள்.

உள்ளே மருதப்பன் நாற்காலியில் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தார். நெற்றியில் நேற்றைய விபூதி, இன்றைய வேர்வை. ஆயுத பூஜை நடந்த தடம் கடை முழுக்க இருந்தது. அச்சு இயந்திரத்துக்கு மாலை, காகிதம் வெட்டும் கருவிக்கு மாலை, தாம்பாளத்தில் காய்ந்த பொரியும் சந்தனக் கிண்ணமும். கணினியின் நெற்றியிலும் மூன்று சந்தனப் பொட்டுகள். அதன் திரை மட்டும் ரத்தச் சிவப்பாக ஒளிர்ந்தது. ஆங்கிலத்தில் எச்சரிக்கை, கீழே ஒரு தொலைபேசி எண், நடுவே கத்திக்கொண்டே இருக்கும் ஒரு மணி.

அவர் அக்காள் மகன் பிரேம் கைப்பேசியை எடுத்து அந்த எண்ணை அழுத்திக்கொண்டிருந்தான். தஞ்சோங் பகாரில் ஏதோ அலுவலகத்தில் விளம்பர வேலை பார்ப்பவன்.

"கன்ஃபர்ம் வைரஸ் லா, மாமா. டோல் ஃப்ரீ நம்பர் குடுத்திருக்கான். அவனே ரிமோட்ல வந்து சரி பண்ணிடுவான்."

"பிரேம், போனைக் கீழ வை" என்றாள் வசந்தகுமாரி.

"ஆன்ட்டி, ஆல்ரெடி ரிங் போகுது…"

"திருடனை நீயே கூப்பிட்டுக் கதவைத் திறந்து விடுறியா? வை."

வைத்தான். அவள் மேசைக்கடியில் குனிந்து இணையக் கேபிளைப் பிடுங்கினாள். சிவப்புப் பக்கத்தை வலுக்கட்டாயமாக மூடினாள். மணி நின்றது. திரையில் புதிதாக வாங்கிய இயந்திரத்தைப் போல வெறும் நீலம். மூலையில் ஒரு குப்பைத்தொட்டிப் படம் மட்டும் இருந்தது.

"காலையில தொறந்தப்ப இப்படித்தாம்மா இருந்துச்சு" என்றார் மருதப்பன். "முதல்ல என்னமோ ரிப்பேர் ரிப்பேர்னு ரெண்டு தடவை சுத்துச்சு. அப்புறம் தொறந்தா முருகன் படத்தைக் காணோம், ஃபைல் ஒண்ணைக் காணோம். தை மாசத்துக்கு நாப்பது கல்யாணப் பத்திரிகை அதுல இருக்கு. யாரோ வழிச்சுத் தொடைச்சுட்டுப் போயிட்டாங்க."

"சிவப்பு எப்ப வந்துச்சு?"

பிரேம் கழுத்தைச் சொறிந்தான். "அது… நான் ஃபைல் காணோம்னு கூகுள்ல தேடினேன். முதல்ல வந்த லிங்க்கைத் தட்டினேன்."

"அப்ப அந்தச் சிவப்பு நேத்து வந்ததில்லை. இன்னைக்கு நீ கூப்பிட்டு வந்த விருந்தாளி. அது வைரஸ்கூட இல்லை, பயமுறுத்துற வலைப்பக்கம். போன் போட்டிருந்தாத்தான் வைரஸ்."

"சாரி லா, ஆன்ட்டி."

மறுபடி மேசைக்கடியில் குனிந்தாள். வேறு ஏதாவது செருகியிருக்கிறதா என்று பார்க்கத்தான் போனாள். சுவரோரம் கணினியின் பிளக் கண்ணில் பட்டது. கறுப்பு பிளக்கின் இரண்டு பக்கமும் மஞ்சளாக, காய்ந்துபோன சந்தனம். ஒரு பக்கம் கட்டைவிரல், மறுபக்கம் ஆள்காட்டி விரல். ரேகை கூடத் தெளிவாகப் பதிந்திருந்தது.

சற்று நேரம் அங்கேயே மண்டியிட்டபடி இருந்தாள். பிறகு எழுந்து முட்டியைத் தட்டிக்கொண்டாள்.

"கடைக்குப் போய்ச் சாமான் எடுத்துட்டு வர்றேன்."

திரும்பி வந்தபோது, பழைய மடிக்கணினி ஒன்றும், காலி ஹார்ட் டிஸ்க் ஒன்றும், தோளில் கனமான துணிப்பை ஒன்றும் இருந்தன. பைக்குள் என்ன என்று யாரும் கேட்கவில்லை.

முதலில் ரத்னவேலின் பென்டிரைவ். கெட்டுப்போனாலும் கவலையில்லை என்று ஒதுக்கிவைத்த மடிக்கணினியில் செருகி, ஒரு மென்பொருளால் ஒருமுறை, வேறொன்றால் இன்னொருமுறை சோதித்தாள். இருநூற்றுப் பன்னிரண்டு கோப்புகள். ஒவ்வொருவருக்கும் பெயரிட்டுத் தனித்தனி அடுக்கு. அவள் பார்த்த பல அலுவலகங்களில் இந்த ஒழுங்கு இருந்ததில்லை.

அடுத்தது மருதப்பனின் இயந்திரம். அதை அதன் போக்கில் எழுப்பாமல், தன்னுடைய சொந்தக் கருவியால் எழுப்பி ஹார்ட் டிஸ்க்கைத் திறந்து பார்த்தாள். கோப்புகள் எங்கேயும் போகவில்லை. நாற்பது கல்யாணமும் அங்கேயே பத்திரமாக இருந்தன. வீட்டுக்குள் எல்லாம் இருக்க, வாசல் பூட்டில்தான் கோளாறு. உடனே சரிசெய்யத் தொடங்கவில்லை. ஒன்று விடாமல் எல்லாவற்றையும் காலி டிஸ்க்குக்கு நகலெடுத்தாள். முதலில் நகல், பிறகுதான் வைத்தியம். பன்னிரண்டு வருடங்களாக அவள் மீறாத விதி அது.

பிறகு மருதப்பனின் டிஸ்க்கைச் சோதிக்கவிட்டு, ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பன்னிரண்டு விழுக்காடு, பதின்மூன்று விழுக்காடு என்று எண்கள் ஊர்ந்தன.

அந்த விதி அவளுக்கு வந்த கதை இந்தக் கடையோடு சம்பந்தப்பட்டது. ரோஷினியின் கேள்விக்குச் சிரித்த வாடிக்கையாளர் மருதப்பன்தான். அதே மாதம், தன் கணினியை அவளிடம்தான் கொடுத்தார். வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வாரம், இன்னும் சோதனைக் காலம். கணவன் விட்டுப் போயிருந்தான், பிள்ளை கையில். பதற்றத்தில் எந்த டிஸ்க்கை அழிக்க வேண்டுமோ அதை விட்டுவிட்டு, எதைத் தொடக்கூடாதோ அதை அழித்துவிட்டாள். நான்கு வருடப் பத்திரிகை வடிவங்கள் ஒரு நொடியில் போயின. நகலும் எடுக்கவில்லை. மேலாளர் மருதப்பனைக் கூப்பிட்டு, அவள் எதிரிலேயே, "சார், இந்தப் பொண்ணு என்ன செஞ்சா? உள்ளதைச் சொல்லுங்க" என்றார்.

மருதப்பன் அவளைப் பார்க்கவே இல்லை. "அவ என்ன செய்வா? டிஸ்க் செத்துப்போய்தான் கொண்டு வந்தேன். உயிர் வருமான்னு சும்மா பாத்தேன்" என்று சொல்லிவிட்டு, செத்த டிஸ்க்கைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அது பொய் என்பது மூன்று பேருக்குத்தான் தெரியும். அவருக்கு, அவளுக்கு, மேலே இருப்பவளுக்கு. அந்தப் பொய்யால் அவர் நான்கு வருட வேலையை மறுபடி உட்கார்ந்து செய்தார். அவளுக்கு வேலை நிலைத்தது. பின்னாளில் ஒருமுறை நன்றி சொல்ல வாயெடுத்தாள். "என்ன பேசுற நீ? போய் வேலையப் பாரு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் தனிக் கடை போட்ட அன்று முதல் ஆளாக வந்து, நன்றாக ஓடிக்கொண்டிருந்த பிரிண்டர் ஒன்றைப் பழுது பார்க்கக் கொடுத்துவிட்டுப் போனார்.

அறுபது விழுக்காடு. கண்ணாடிக் கதவுக்கு வெளியே ரத்னவேல் இன்னும் நின்றான். கோப்பைத் தலைக்கு மேல் வெயிலுக்குப் பிடித்திருந்தான்.

அவள் மனம் இரண்டு பக்கமும் இழுபட்டது. பிளக்கைக் காட்டினால் ஒரு நொடியில் முடிந்துவிடும். அக்காள் மகன் முன்னால், அறுபத்து நான்கு வயதில் அவர் தலை குனியும். காட்டாவிட்டால் வெளியே நிற்பவன் பெயர் கெடும். தான் பட்ட நன்றிக்கடனை இன்னொருவன் பெயரைக் கொடுத்தா தீர்ப்பது? காளியம்மா, அவராகச் சொல்லட்டும் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டாள். சொல்லாவிட்டால் நான் சொல்லித்தான் ஆகவேண்டும், அப்போது என் வாயில் கடுஞ்சொல் வராமல் பார்த்துக்கொள்.

டிஸ்க்கின் கோளாறுகள் சரியாயின. முழுவதையும் வைரஸுக்காக அலசினாள். ஒன்றுமில்லை. குழம்பிப்போயிருந்த பயனர் கணக்கைச் சீர்செய்து, இயந்திரத்தை மறுபடி எழுப்பினாள்.

முருகன் வந்தார். வேலும் மயிலுமாகத் திரை முழுக்க நின்றார். அவர் முகத்தின் மேல் எப்போதும்போல முப்பது நாற்பது கோப்புப் படங்கள் அப்பிக்கொண்டிருந்தன.

"முருகா!" என்று மருதப்பன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "வந்துடுச்சா? எல்லாம் வந்துடுச்சா?"

"எல்லாம் இருக்குண்ணே. ஒரு காற்புள்ளிகூடப் போகல." அவள் குரலில் தானாகவே ஒரு நிமிர்வு வந்தது. எழுந்து போய்க் கதவைத் திறந்து, "ரத்னவேல் தம்பி, உள்ளே வாங்க" என்றாள். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வந்தான்.

"வைரஸே இல்லைண்ணே. மெஷின்லயும் இல்லை, தம்பி பென்டிரைவ்லயும் இல்லை. ரெண்டு தடவை சோதிச்சேன். என் பேர் போட்ட கடையில உக்காந்து எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவேன், அவ்வளவு சுத்தம்."

ரத்னவேல் கையை நீட்டினான். கயிற்றை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டான்.

"அப்புறம் எப்படி ஆச்சாம்?" என்றான் பிரேம்.

"மெஷின் தனக்கு நடந்ததையெல்லாம் எழுதி வெச்சுக்கும். நேத்து அப்டேட் ஓடிட்டு இருந்திருக்கு. பாதியில கரண்ட் நின்னுருக்கு. முறையா அணையல. அதுலதான் குழம்பிப்போச்சு." திரையில் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினாள். "மணி அஞ்சு நாப்பத்து மூணு."

அதற்கு மேல் அவள் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

"நேத்துப் பவர் கட்டா?" என்றான் பிரேம். "சிங்கப்பூர்லயா? எங்க மாமா, ஏசி ஓடிட்டுதானே…"

மருதப்பன் சுவரில் தொங்கிய நாள்காட்டியைப் பார்த்தார். நேற்றைய தாள் இன்னும் கிழிக்கப்படவில்லை. நல்ல நேரம், மாலை 4.45 முதல் 5.45 வரை. அவர் கண்கள் அங்கிருந்து இறங்கித் தன் வலது கைக்கு வந்தன.

"கரண்ட் போகலடா" என்றார். "நான்தான் பிடுங்கினேன்."

பிரேம் திரையிலிருந்து திரும்பி அவரைப் பார்த்தான்.

"நல்ல நேரம் முடிய ரெண்டே நிமிஷம். கற்பூரம் ஏத்தியாச்சு. இது மட்டும் அறுபது, அறுபத்தொண்ணுன்னு சுத்திக்கிட்டே இருக்கு. ஓடுற கருவிக்கு எப்படிப் பொட்டு வைக்கிறது? அது ஓய்ஞ்சாத்தானே பூஜை? அதான் கையை விட்டு வெடுக்குனு பிடுங்கிட்டேன்."

"மாமா! டோன்ட் டர்ன் ஆஃப்னு அவ்ளோ பெருசா எழுதியிருப்பானே!"

"திருடனுக்குப் போன் போட்டவன் பேசாதே" என்றாள் வசந்தகுமாரி. ரத்னவேல்கூடச் சிரித்துவிட்டான்.

மருதப்பன் சிரிக்கவில்லை. கதவருகே போய் அந்தத் தாளைக் கிழித்துக் கசக்கினார். ரத்னவேலுக்கு எதிரே வந்து நின்றார். "தம்பி, என் தப்பை உன் தலையில கட்டிட்டேன். காலையிலேருந்து வெயில்ல நிக்க வெச்சுட்டேன். மன்னிச்சுக்கப்பா."

"அய்யோ அண்ணே, விடுங்கண்ணே. தெரியாம நடந்தது."

"விடறதா? அந்தத் தாளை எத்தனை பேர் படிச்சுட்டுப் போனாங்க! பிரேம், உக்காரு. அடிக்கணும்."

விஜயதசமிக்கு முதல் அச்சு, வருடாவருடம் பிள்ளையார் சுழி போட்ட ஒரு வெறும் தாள்தான். இந்த வருடம் சுழிக்குக் கீழே அவர் சொல்லச் சொல்ல பிரேம் அடித்தான்: 'எங்கள் கணினி கெட்டதற்கு ரத்னவேல் தம்பி காரணம் அல்ல. நான் பிளக்கைப் பிடுங்கியதே காரணம். எல்லாருடைய பென்டிரைவும் இங்கே போடப்படும். மருதப்பன்.'

"பேரு வேணாம்ணே, கூச்சமா இருக்கு" என்றான் ரத்னவேல்.

"நீ சும்மா இரு. எழுத்து சின்னதா இருக்குடா பிரேம். நாப்பத்தெட்டு போடு. எதிர்க் கடைக்காரனுக்குத் தெரியணும்."

தாள் சூடாக வெளியே வந்தது. மருதப்பன் அதை இரண்டு கையாலும் எடுத்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு, பழைய தாள் இருந்த அதே இடத்தில் ஒட்டினார். கொஞ்சம் பின்னால் நகர்ந்து நேராக இருக்கிறதா என்று பார்த்தார். பிள்ளையின் மதிப்பெண் அட்டையைப் பார்க்கிற தகப்பனுக்கு இருக்கிற முகம் அப்போது அவருக்கு இருந்தது. தப்பை ஒப்புக்கொண்டவர் முகத்தில் அத்தனை வெளிச்சத்தை வசந்தகுமாரி அதுவரை பார்த்ததில்லை. அந்தக் கடையில் தான் நிற்பதே அவளுக்குப் பெருமையாக இருந்தது.

"வாங்க எல்லாரும், கோயிலுக்குப் போய்ட்டு அப்படியே கோப்பி குடிச்சுட்டு வரலாம். வசந்தா?"

"நான் காலையிலேயே போய்ட்டேண்ணே. நீங்க போய்ட்டு வாங்க, கடையைப் பாத்துக்கறேன். இன்னும் கொஞ்சம் வேலை இருக்கு."

"எல்லாம் முடிஞ்சுதுன்னியே?"

"உள்ளே தூசி இருக்குண்ணே."

அவர் ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு ரத்னவேலின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார். "செவ்வாய்க்கிழமை என்னமோ சூப்பர்வைசர் இன்டர்வியூன்னு சொன்னியே தம்பி, அந்தப் பேப்பரையெல்லாம் நல்ல தாள்ல போட்டுத் தர்றேன்" என்ற குரல் சந்து முனை வரை கேட்டது.

கடையில் யாருமில்லை. வசந்தகுமாரி இயந்திரத்தை முறைப்படி அணைத்து, தகட்டைக் கழற்றினாள். காற்றாடியில் காகிதத் தூசியும் விபூதியும் சேர்ந்து மெத்தையாகப் படிந்திருந்தன. இறகு இறகாகத் துடைத்தாள். பிறகு துணிப்பையிலிருந்து அந்தக் கனமான பெட்டியை எடுத்தாள். மின்சாரம் நின்றாலும் பத்து நிமிடம் இயந்திரத்தைத் தாங்கிப் பிடிக்கும் யூபிஎஸ். மேசைக்கும் சுவருக்கும் நடுவே, காகிதக் கட்டுகளின் பின்னால், கண்ணுக்குத் தெரியாத மூலையில் அதை வைத்தாள். கணினியின் மின்கம்பியை அதில் செருகினாள். பெட்டியின் பிளக்கைச் சுவரில், பழைய பிளக் இருந்த அதே துளையில் செருகினாள். அடுத்த வருடமும் நல்ல நேரம் முடியப்போகும், கற்பூரம் எரியும், அதே கை அதே இடத்துக்குத்தான் வரும்.

தகட்டை மூடி இயந்திரத்தை எழுப்பி, மின்சாரம் நின்றால் எல்லாவற்றையும் சேமித்துவைத்து, மெல்ல அணைந்துவிடும்படி இயந்திரத்துக்குச் சொல்லிவைத்தாள். பெட்டி கத்திக் காட்டிக்கொடுக்காமல் இருக்க அதன் மணியையும் நிறுத்தினாள். பிறகு, சோதித்துப் பார்க்க, சுவர் பிளக்கை வெடுக்கென்று பிடுங்கினாள். முருகன் அசையவில்லை. சற்று நேரம் அப்படியே நின்றுவிட்டு, திறந்திருந்தவை ஒவ்வொன்றாக மூடி, முறையாகக் கண் அயர்ந்தார்.

பிளக்கை மறுபடி செருகினாள். தாம்பாளத்துக் கிண்ணத்தில் சந்தனம் காய்ந்திருந்தது. விரலை நீரில் நனைத்துக் குழைத்து, அந்தப் பெட்டியின் நெற்றியிலும் ஒரு பொட்டு வைத்தாள். கையெடுத்து ஒருமுறை கும்பிட்டாள். அப்புறம் காகிதக் கட்டுகளை அதன் முன்னால் நகர்த்தி, பெட்டி தெரியாதபடி மறைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு அவர்களுக்காகக் காத்திருந்தாள்.